திரும்ப நிறையும் கிண்ணம்

"என்ன அண்ணி, தெருவுக்கே சேர்த்துக் கடலை வறுக்கிறீங்களா?"

"வகுப்புக்கு. கையை எடு, சுடும்."

"வகுப்புக்குப் பாடம்தானே எடுத்துட்டுப் போவாங்க? கடலையை எதுக்கு?"

"இதுதான் பாடம்."

இதற்குமேல் நாத்தனாருக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டாள். கழுத்தில் அளவு டேப், உதட்டோரத்தில் ஒரு குண்டூசி. ஊசியை எடுக்காமலே பேசுவாள், சிரிப்பாள், சண்டையும் போடுவாள். அது இன்றுவரை அவளைக் குத்தியதில்லை.

அடுப்பு மேடையில் இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் வறுத்த கடலை, இன்னொன்றில் கறுப்பு உலர்திராட்சை.

"சொல்றேன் கேளு. கடலைன்னா காடு, மரம், ஆத்து மீன்னு வச்சுக்கோ. எடுத்தாலும் திரும்ப உண்டாகும். திராட்சைன்னா நிலக்கரி, பெட்ரோல். கோடிக்கணக்கான வருஷமா மண்ணுக்குள்ள வெந்து உண்டானது. எடுத்தா எடுத்ததுதான். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் கடலை எவ்வளவு மிச்சம் இருக்கோ அவ்வளவு நான் மறுபடி போடுவேன். திராட்சைக்கு ஒண்ணும் போடமாட்டேன்."

"திராட்சையும் கொடியிலதானே காய்க்குது?"

"விளையாட்டுக்குச் சொல்றேன் தாயே!"

"அதை முதல்லயே சொல்லிடுங்க. உங்க வகுப்புலயும் என்னை மாதிரி ஒண்ணு இருக்கும்."

வீட்டுக்காரர் அப்போதுதான் வேலை முடிந்து வந்தார். லிஃப்ட் மெக்கானிக். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"டீச்சரம்மா வீட்டுல இன்னிக்கு சோறு கிடையாதா? கடலைதானா?"

"கையைக் கழுவிட்டு வாங்க. நீங்களும் இவளும்தான் இன்னிக்கு மனுஷ குலம். எடுத்துத் திங்கணும், அவ்வளவுதான்."

"இந்த மாதிரி வேலையா இருந்தா தினமும் கூப்பிடு."

மனுஷ குலம் உட்கார்ந்தது. முதல் சுற்றிலேயே அவர் திராட்சையில் ஒரு பிடி அள்ளினார். தங்கை அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினாள். "வாயாடி, விடுடி" என்று அவர் கத்த, அவள் அந்தச் சாக்கில் இன்னொரு கையால் தானும் அள்ளிக்கொண்டாள். நான்காவது சுற்றில் திராட்சைக் கிண்ணம் பளபளவென்று காலியாகிவிட்டது. கடலை பாதிக்குமேல் நின்றது.

"பாத்தீங்களா?" டீச்சர் கை தட்டினாள். "மனுஷங்க இப்படியே எடுத்துக்கிட்டுப் போனா பூமியோட கதி இதுதான்."

"மனுஷங்கன்னு பொதுவாச் சொல்லாதீங்க அண்ணி. எங்க அண்ணன்னு சொல்லுங்க."

அன்று வீடே சிரித்தது. ஆனால் டீச்சரின் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது. அவள் இன்னும் தற்காலிக ஆசிரியைதான். மறுநாள் ஆய்வாளர் வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார். அவர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்தக் கல்வியாண்டோடு கதவு மூடிக்கொள்ளும். முந்தைய பள்ளியில் இப்படித்தான் ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்க்க, அவள் கரும்பலகையைப் பார்க்க, மணி அடித்துவிட்டது. அதனால்தான் இந்த முறை ஒவ்வொரு வார்த்தையும் எழுதி வைத்திருந்தாள். நான்காவது சுற்றில் திராட்சை தீரும், கடலை இருக்கும், ஆகவே பிள்ளைகளே என்று முடிப்பதுவரை.

"பயமா இருக்கா அண்ணி?" பாத்திரம் கழுவும்போது நாத்தனார் கேட்டாள்.

"உன்னை நினைச்சாத்தான் பயமா இருக்கு. நான் பரீட்சைக்குப் படிச்ச காலம் பூரா நீதானே அடுப்பைப் பாத்துக்கிட்ட. துணி தைக்கிறதும் நீ, துவைக்கிறதும் நீ. நாளைக்கு நான் சொதப்பிட்டு வந்து நின்னா..."

"சொதப்பிட்டு வந்தாலும் சோறு உண்டு. முதல்ல அந்தக் கரண்டியைக் குடுங்க."

* * *

பள்ளிக்கூடம் நூல் மில்லின் பின்சுவரை ஒட்டி இருந்தது. மில் எப்போதும் ஓடும். சங்கு ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே போகும், ஒரு கூட்டம் பஞ்சு ஒட்டிய தலையோடு வெளியே வரும். வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள். டீச்சர் நகரத்தின் மறுகோடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மில் வீடுகளுக்குள் அவள் போனதில்லை.

ஆய்வாளர் அம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. முழங்கால் மேசையில் இடித்தது. "பரவாயில்லை, நீங்க ஆரம்பிங்க" என்றார். வாசலில் தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் நின்று, ஆரம்பியேன் என்று கண்ணாலேயே சொன்னார்.

நாக்கு ஒட்டவில்லை. வார்த்தை வந்தது. நல்லபடியாகவே வந்தது. நிலக்கரி எப்படி உண்டானது, காடு எப்படி வளர்கிறது என்று சொல்லி இரண்டு கிண்ணங்களையும் மேசைமேல் வைத்தாள். பிள்ளைகளின் கழுத்துகள் நீண்டன.

"பெஞ்சுக்கு ஒருத்தர் வந்து, உங்க பெஞ்சுக்கு வேணுங்கிறதை எடுத்துட்டுப் போகணும். எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம்."

"டீச்சர், ஒரு சந்தேகம்."

வகுப்பில் எல்லாரும் அவனை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் சந்தேகம் கேட்காத நாளில் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"திராட்சையும் கொடியிலதானே டீச்சர் காய்க்குது?"

"விளையாட்டுக்கு இதை நிலக்கரின்னு வச்சுக்கணும்" என்றாள் டீச்சர், மனதுக்குள் நாத்தனாரைக் கும்பிட்டுக்கொண்டே. "கடலை திரும்ப வரும். திராட்சை திரும்ப வராது. இதுதான் சட்டம்."

வக்கீல் திரும்பி வகுப்புக்குத் தீர்ப்புச் சொன்னான். "டேய், கேட்டுக்குங்க. கடலை திரும்ப வருமாம். திராட்சைதான் வராதாம்."

அவ்வளவுதான். முதல் பெஞ்சுக்காரன் இரண்டு கையாலும் கடலையை அள்ளினான். இரண்டாவது பெஞ்சுக்காரி பாவாடையை ஏந்தினாள். திராட்சைப் பக்கம் போன கைகளோ விரல் நுனியால் ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு திரும்பின. கடைசி பெஞ்சு வந்தபோது கடலைக் கிண்ணத்தில் கொஞ்சம் தோல் கிடந்தது. அந்தப் பெஞ்சுக்காரன் கிண்ணத்தை எடுத்துச் சாய்த்து உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான்.

"எங்க டீச்சர்?"

டீச்சர் இரண்டு கிண்ணத்தையும் பார்த்தாள். தலைகீழ். எல்லாமே தலைகீழ். தீரவேண்டியது தளும்ப நிற்கிறது, இருக்கவேண்டியது துடைத்துவிட்டது போல இருக்கிறது. சரி, திராட்சையையாவது தீர்த்துவிடலாம் என்று பட்டது.

"திராட்சையை ஏன் யாரும் எடுக்கலை? எடுங்க, எடுங்க."

இரண்டாவது சுற்று. ஆளுக்கு ஒன்று.

"இன்னும் எடுக்கலாம். பயப்படாதீங்க. நல்லா அள்ளுங்க!"

கடைசி பெஞ்சில் ஆய்வாளரின் பேனா நின்றது. அந்த நிற்கிற சத்தம்கூட டீச்சருக்குக் கேட்டது போலிருந்தது. அப்போதுதான் தன் குரலும் காதில் விழுந்தது. நிலக்கரியைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லித்தர வந்தவள், நல்லா அள்ளுங்க என்று கத்திக்கொண்டிருக்கிறாள்.

"போதும் டீச்சர்" என்றாள் ஊசி. ஒல்லியான பெண், அதனால் வகுப்பில் அந்தப் பட்டப்பெயர். எந்த இடுக்கிலும் நுழைந்து முன்னால் வந்து நின்றுவிடுவாள். அவளே இரண்டு சுற்றிலும் ஒவ்வொன்றுதான் எடுத்திருந்தாள்.

"ஏம்மா போதும்? திராட்சை பிடிக்காதா?"

"ரொம்பப் பிடிக்கும். ஆனா ஷிஃப்ட்டுக்கு வேணுமில்ல?"

"எந்த ஷிஃப்ட்டுக்கு?"

ஊசி அவளை அதிசயமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"வீட்டுல எது இருந்தாலும் ஷிஃப்ட்டுக்குப் போனவங்களுக்கு வச்சிட்டுத்தான டீச்சர் எடுக்கணும்? அம்மா வர்றப்ப கிண்ணம் காலியா இருந்தா அசிங்கமில்ல?"

"எங்க வீட்டுல சுரண்டித் தின்னா முதுகுல ஒண்ணு விழும்" என்றான் ஒருவன்.

"உனக்குச் சுரண்டாமலே விழும்டா."

"திரும்ப வராதுன்னு வேற நீங்க சொல்லிட்டீங்க" என்றாள் ஊசி. "அப்ப இன்னும் வராதவங்களுக்கு எப்படி டீச்சர் கிடைக்கும்?"

இத்தனை மாதமாக இந்தப் பிள்ளைகள் எதையும் முழுசாக முடிக்காமல் விடுவதை டீச்சர் பார்த்திருக்கிறாள். பானையின் அடித்தண்ணீர், சாக்பீஸ் பெட்டியில் கடைசித் துண்டு. கூச்சம் என்று நினைத்திருந்தாள்.

வக்கீல் எழுந்தான்.

"டீச்சர், கடலையைப் போடுங்க. ரெண்டு சுத்து முடிஞ்சுபோச்சு."

"மிச்சம் இருக்கிற அளவுதான் போடுவேன். எவ்வளவு இருக்கு?"

வக்கீல் எட்டிப் பார்த்தான். "தோல் இருக்கு."

"அப்ப தோலைப் போடவா?"

வகுப்பு ஓவென்று சிரித்தது. வக்கீல் சிரிக்கவில்லை.

"ஏமாத்தாதீங்க டீச்சர். திரும்ப வரும்னு நீங்கதான் சொன்னீங்க. சட்டம்னு சொன்னீங்க."

மேசைக்கடியில் ஒரு டப்பா நிறையக் கடலை இருந்தது. டீச்சரின் கை அதன் மூடிமேல் போனது. கொட்டிவிடலாம். ஒரு நொடி வேலை. கிண்ணம் நிறையும், எழுதி வைத்தபடியே, ஆகவே பிள்ளைகளே என்று முடிக்கலாம். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு விளையாட்டின் கணக்கு எங்கே தெரியப்போகிறது?

கையை எடுத்துவிட்டாள்.

"நான் பாதிதான் சொன்னேன்டா. மீதியைச் சொல்லலை. திரும்ப வரும்தான், ஆனா எதுல இருந்து வரும்? மரம் நின்னாத்தானே விதை விழும்? எல்லாத்தையும் வெட்டிட்டா எது முளைக்கும்? ஒண்ணுமே இல்லாததுக்கு நான் எதைப் போடுறது?"

மென்று கொண்டிருந்த வாய்கள் நின்றன.

"காடு போச்சா டீச்சர்?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

"போச்சு."

"இவன்தான் டீச்சர் ரெண்டு கையால அள்ளினான்!"

"நீ மட்டும் பாவாடையில அள்ளலையா?"

"வக்கீல்தான டீச்சர் திரும்ப வரும்னு கத்தினான்!"

"நான் டீச்சர் சொன்னதைத்தான்டி சொன்னேன்!"

சண்டைக்கு நடுவே ஊசி புகுந்து வந்தாள். கைக்குட்டையின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒரு கடலையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். எவர்சில்வரில் அது டிங் என்று விழுந்தது.

"இது அம்மாவுக்கு வச்சது. இதுல இருந்து வருமா டீச்சர்?"

"வரும்." டீச்சர் டப்பாவைத் திறந்து ஒரு கடலையை எடுத்துப் போட்டாள். "ஒண்ணு இருந்தது. ஒண்ணு போட்டாச்சு. ரெண்டு. அடுத்த சுத்து! யாருக்கு வேணும்?"

"வேணாம்!" என்று வகுப்பே கத்தியது.

இரண்டு நான்காயிற்று. நான்கு எட்டு. ஒவ்வொரு முறை கடலை விழும்போதும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் வந்து மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள். பின்னால் நின்றவன் முன்னால் நின்றவன் தோளில் மோவாயை வைத்திருந்தான்.

"எட்டு பதினாறு!"

"சரி, எப்பத்தான் திங்கிறது?" வக்கீலால் பொறுக்க முடியவில்லை. "இப்படியே பாத்துக்கிட்டே இருந்தா பசிக்காதா? காடுன்னா விறகு வேணாமா, கதவு வேணாமா?"

நல்ல கேள்வி. டீச்சர் சுற்றிலும் பார்த்தாள். இரண்டு கையால் அள்ளினவனே தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

"புதுசா வந்ததை மட்டும் தின்னலாம்டா. பழசைத் தொடக்கூடாது."

"பதினாறுல எட்டு புதுசு" என்றாள் ஒருத்தி. "எட்டைத் தின்னுட்டா மிச்சம் எட்டு. மறுபடி பதினாறு ஆயிடும்."

"அப்ப எப்பவும் எட்டு கிடைக்குமா?"

"எப்பவுமேவா?"

"எப்பவுமே" என்றாள் டீச்சர்.

அந்தச் சந்தோஷத்தில் வக்கீல் அடுத்த கிண்ணத்துக்குப் போய்விட்டான். "ஆனா இது? ஷிஃப்ட்டுக்கு வச்சோம் சரி. ஆளுக்கு ஒண்ணு ஒண்ணா எடுத்தாலும் இது ஒரு நாள் தீரும்தானே?"

"தீரும்" என்றாள் டீச்சர். பொய் சொல்ல மனமில்லை.

"நாம நல்லவங்களா இருந்தாலுமா?"

"இருந்தாலும். மெதுவாத் தீரும்."

எல்லாரும் திராட்சையைப் பார்த்தார்கள். ஊசி மட்டும் இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடலை நிறையா ஆகுற வரைக்கும் திராட்சை தாங்கினாப் போதுமில்ல டீச்சர்?"

"அதேதான்டா கண்ணு" என்றாள் டீச்சர். "அது போதும். அதுக்குத்தான் எல்லாரும் பாடுபடுறாங்க."

"டீச்சர், எனக்கு வயிறு வலிக்குது" என்றான் கடலையை அதிகமாகத் தின்றவன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஆய்வாளர் அம்மாள் எழுந்தார். முழங்கால் மறுபடி இடித்தது. மேசையருகே வந்து பிள்ளைகளுக்கு நடுவே நின்றார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? வெயில் எந்தக் கிண்ணத்துல சேரும்?"

"கடலைக் கிண்ணம்!" என்றது பாதி வகுப்பு.

"இல்லை மேடம்" என்றான் வக்கீல். "வெயிலுக்குக் கிண்ணமே வேணாம். நாம எவ்வளவு எடுத்தாலும் அது குறையாதே. என்னை மாதிரி ஆளுங்க அள்ளினாலும் பரவாயில்லை."

"காத்து?"

"அதுக்கும் கிண்ணம் இல்லை."

"ஆத்து மீன்?"

"கடலை மேடம். ஆனா குஞ்சை விட்டுட்டுப் பிடிக்கணும்" என்றாள் ஊசி. "இல்லைன்னா தோல்தான்."

மணி அடித்தது.

* * *

பெரிய டீச்சரின் அறைக்கு முன்னால் இருந்த நடையில் ஆய்வாளர் அம்மாளும் டீச்சரும் நின்றார்கள். ஆய்வாளர் கையில் டீச்சரின் பாடத்திட்டம் இருந்தது.

"இதுல நாலாவது சுத்துல திராட்சை தீரணும்னு போட்டிருக்கு."

"ஆமா மேடம்."

"தீரலை."

"தீரலை மேடம்."

"கடலை மிச்சம் இருக்கணும்."

"அது முதல் சுத்துலயே தீந்துபோச்சு மேடம்."

"திட்டம் ஒண்ணு, நடந்தது ஒண்ணு. நான் எதை எழுதட்டும்?"

வேலை இங்கேயே முடிந்துவிடும் என்று டீச்சருக்குப் பட்டது. இருந்தாலும் சொன்னாள்.

"நடந்ததை எழுதுங்க மேடம். அள்ளுங்க அள்ளுங்கன்னு நான் கத்தினதையும் சேர்த்தே எழுதுங்க. வேலை கிடைக்குதோ இல்லையோ, பசங்க இன்னிக்குச் சொன்னது எங்கயாவது எழுத்துல இருக்கட்டும்."

"அந்த டப்பாவில கடலை இருந்துச்சே. கொட்டியிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"பசங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம்."

ஆய்வாளர் அம்மாள் பாடத்திட்டத்தை மடித்தார். மில்லின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"இதே விளையாட்டை எத்தனையோ பள்ளிக்கூடத்துல பாத்துட்டேன்" என்றார். "எல்லா இடத்துலயும் திட்டப்படி முடியும். டீச்சர் ஒரு பாட்டம் அறிவுரை சொல்லுவாங்க, பிள்ளைங்க தலையாட்டும், நானும் தலையாட்டிட்டு வந்துடுவேன். நாம நல்லவங்களா இருந்தாலுமான்னு ஒரு பிள்ளை கேட்டு நான் இன்னிக்குத்தான் கேட்டேன். அதுக்கு ஒரு டீச்சர் தீரும்னு உள்ளதைச் சொன்னதையும் இன்னிக்குத்தான் கேட்டேன். நீங்க இங்கேயே இருங்கம்மா. நிரந்தரமாக்கணும்னு எழுதுறேன்."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப... ரொம்ப நன்றி மேடம்" என்று கையைக் கூப்பினாள்.

"எனக்கு எதுக்கு? உள்ளே இருக்கு பாருங்க, அந்தக் கூட்டத்துக்குச் சொல்லுங்க. கை கழுவக் குழாய் எந்தப் பக்கம்? கூட்டத்துல நானும் ஒரு திராட்சை எடுத்துட்டேன். பிசுபிசுங்குது."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனாள். பிள்ளைகள் இன்னும் மேசையைச் சுற்றியே நின்றார்கள். வக்கீல் காவல் காத்துக்கொண்டிருந்தான். கடலை பதினாறும் அப்படியே இருந்தது.

"எல்லாரும் உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும். டீச்சர் இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துலயே இருக்கப்போறேன்."

யாரும் குதிக்கவில்லை. கை தட்டவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவ்வளவு நாளும் இங்கதானே டீச்சர் இருந்தீங்க?" என்றாள் ஊசி.

"போறதா இருந்தீங்களா?" வக்கீல் முகம் சுண்டிவிட்டது. "யார் போகச் சொன்னது?"

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்களுக்கு எதுவுமே தெரியாது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் யார், எதற்கு வந்தார், என்ன எழுதப் போகிறார் என்று யாரும் சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்ற வேண்டும் என்று இவர்கள் எதையும் செய்யவில்லை. வீட்டில் எப்படி இருப்பார்களோ அப்படியே இருந்தார்கள், அவ்வளவுதான். அதுவே தன்னைக் காப்பாற்றிவிட்டது. இந்தக் கடனை யாரிடம் போய் எப்படிச் சொல்வது?

"யாரும் போகச் சொல்லலை. போகலை. உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லணும்னு தோணுச்சு. நன்றி பிள்ளைங்களா."

நன்றி என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவள்தான் முன்பு சொல்லிக் கொடுத்திருந்தாள். அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. மொத்த வகுப்பும் எழுந்து நின்று, வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில், ஒரே குரலில் இழுத்தது:

"பரவா...யில்லை டீச்சர்!"

எல்லாரும் உட்கார்ந்தார்கள். வயிறு வலித்தவன் மட்டும் நின்றுகொண்டே இருந்தான்.

"எதுக்கு டீச்சர் நன்றி?"

"உக்காரு" என்றாள் டீச்சர், சிரிப்பும் அழுகையுமாக. "அடுத்தது கணக்குப் பாடம்."